ஒரே எடையில் இரண்டு மீன்

நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில் ஆப்பிள் தின்றுகொண்டே பரீட்சை எழுதுகிறார்கள். கனடாவுக்கு வந்த புதிதில் இதைப் பார்த்து அரண்டுபோனேன். இருநூறு பேர் உட்கார்ந்திருக்கும் ஹால். ஊசி விழுந்தால் கேட்கும். அதில் ஒருத்தன் நறுக்கென்று கடிக்கிறான், சாவகாசமாக மெல்லுகிறான், மிச்சத்தைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மறுபடி தட்டுகிறான். யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒன்பது வருடத்தில் ஆப்பிள் பழகிவிட்டது. பழகாதது வேறொன்று. போன செப்டம்பரில் ஒரு பையன், பதினெட்டு வயதிருக்கும், எழுதி முடித்ததும் என் மேஜைக்கு வந்தான். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். ஏழாவது கேள்விக்கு கம்ப்யூட்டர் என் விடையைத் தப்பு என்கிறது, ஆனால் தப்பு நீங்கள் வைத்திருக்கும் விடையில்தான் என்றான். ஒரு காலை நாற்காலிக் கம்பியில் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னான். இலுப்பூரில் பிறந்து வளர்ந்த எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு, பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

இந்தப் பரீட்சைக்கு இங்கே பிளேஸ்மென்ட் எக்ஸாம் என்று பெயர். நம் ஊரில் அந்த வார்த்தையைக் கேட்டதும் வேலை கிடைத்துவிட்டது என்று ஸ்வீட் கொடுக்கக் கிளம்பிவிடுவோம். இது அதுவல்ல. இன்ஜினியரிங் படிக்க வரும் புதுப் பிள்ளைகளில் யாருக்கு ஏற்கெனவே புரோகிராம் எழுதத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று வகுப்பு தொடங்கும் முன்னே பார்த்துக்கொள்வது. தெரிந்தவர்கள் முதல் பாடத்தைத் தாண்டி இரண்டாவது பாடத்துக்குப் போய்விடலாம். தெரியாதவர்கள் முதலிலிருந்து படிப்பார்கள். தோற்றவன் முகத்தில் ஈயாடாமல் போகும் என்று நான் எதிர்பார்த்தேன். அவன் பாட்டுக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு போகிறான். ஊரில் நான் முன்பு வேலை பார்த்த கல்லூரியிலும் இதே மாதிரி ஒன்று நடத்தினோம். அதைப் பற்றித்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் அதே மாதிரி ஒரு ஹாலில் உட்கார்ந்து எழுதியவர்களாக இருப்பீர்கள். இன்னும் சிலர் என்னை மாதிரி முன்னால் நின்றவர்களாக இருப்பீர்கள்.

புதுக்கோட்டையிலிருந்து கொஞ்ச தூரத்தில், பொட்டல் நடுவே இருந்தது நான் படித்த தனியார் கல்லூரி. படித்து முடித்து வேலை கிடைக்காமல் நின்றபோது அங்கேயே விரிவுரையாளராகச் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு இருபத்திமூன்று வயது. புதுப் பிள்ளைகள் சேர்ந்ததும் பத்து நாள் ப்ரிட்ஜ் கோர்ஸ் நடக்கும். கிராமத்துப் பள்ளிகளில் தமிழில் படித்துவிட்டு வருகிறவர்களைக் கல்லூரிப் பாடத்துக்குத் தயார் செய்கிறோம் என்பது பேச்சு. நடந்தது என்னவென்றால், பத்து புரோகிராம்களை நான் சொல்லச் சொல்ல அவர்கள் நோட்டில் எழுத வேண்டும். கம்ப்யூட்டர் பக்கமே போகக் கூடாது. பத்தாம் நாள் அந்தப் பத்தில் ஐந்து பேப்பரில் எழுதும் பரீட்சையாக வரும். யார் ஏ செக்‌ஷன், யார் சி செக்‌ஷன் என்பதை அந்த மார்க் முடிவு செய்யும். ஏ செக்‌ஷனுக்கு ஏசி லேப். சி செக்‌ஷனுக்கு ஆஸ்பெஸ்டாஸ் போட்ட பழைய ஒர்க்‌ஷாப்பும் இம்போஸிஷனும். நான்கு வருடமும் அந்தக் கொட்டகைதான். அதிலிருந்து ஏறி வந்தவன் ஒருத்தனையும் நான் பார்த்ததில்லை.

திருத்துவது சுலபம். என் நோட்டை இடது பக்கம் வைப்பேன், அவன் தாளை வலது பக்கம் வைப்பேன். வரிக்கு வரி பொருந்தினால் மார்க். பொருந்தாவிட்டால் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. அந்தப் பத்து புரோகிராமும் எனக்கு எப்படி வந்தன என்றால், எனக்குப் பாடம் எடுத்தவர் சொல்லி நான் எழுதியவை. அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. நானும் அவற்றை ஒருநாள்கூடக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்ததில்லை. வேதம் மாதிரி வாய்வழியாகவே வந்துகொண்டிருந்தன.

அடி என்பது அங்கே காற்று மாதிரி இருந்தது. துறைத் தலைவரின் மேஜையில் ஒரு அடி நீளத்துக்குப் பிளாஸ்டிக் பைப் துண்டு ஒன்று பேனா ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே கிடக்கும். ஷூ போடாதவனுக்கு முட்டியில். தமிழில் பேசினால் விரல் கணுவில். என்னையும் அந்தப் பைப்பால்தான் நான்கு வருடம் அடித்தார். வேலைக்குச் சேர்ந்த அன்று அதே ஆள் எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, பையன்கள் பயந்தால்தான் உட்காருவான்கள், முதல் வாரத்திலேயே ஒருத்தனைப் பிடித்துவிடு, மற்றவன் தானாக அடங்குவான் என்று தொழில் சொல்லிக் கொடுத்தார். பெற்றவர்களும் சேர்க்கும்போதே கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் என்று உத்தரவு கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். ஜெகதாப்பட்டினத்திலிருந்து மகனைச் சேர்க்க வந்த செல்லையாவும் அதையேதான் சொன்னார். விசைப்படகில் கூலிக்குப் போகிற மனிதர். அவருடைய மகன் பெயர் ராஜதுரை.

ராஜதுரை பரீட்சையில் நான்கு கேள்விக்கு என் நோட்டில் இருந்தபடியே எழுதியிருந்தான். ஐந்தாவதுக்கு மட்டும் தானாக ஏதோ எழுதியிருந்தான். கேள்வி இதுதான்: கொடுத்த எண்களில் இரண்டாவது பெரியது எது என்று கண்டுபிடி. என் நோட்டில் உள்ளபடி, எல்லா எண்களையும் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக அடுக்க வேண்டும், கடைசிக்கு முந்தியதைச் சொல்ல வேண்டும். அவன் அடுக்கவே இல்லை. பெரியதை ஒரு இடத்திலும் அதற்கு அடுத்ததை இன்னொரு இடத்திலும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துக்கொண்டே போயிருந்தான். முதல் வரியே பொருந்தவில்லை என்றதும், அது சரியாக வருமா என்று நான் யோசித்துப் பார்க்கவில்லை. கோடு போட்டேன். பெரும்பாலானவர்கள் ஐந்தையும் மனப்பாடமாக எழுதியிருந்தார்கள், இவன் இரண்டு மார்க் குறைந்து சி செக்‌ஷனுக்குப் போனான்.

தாள் கொடுத்த அன்று அறுபது பேர் முன்னால் மேஜைக்கு வந்து நின்றான். இதுவும் சரியாக வரும் என்றான். நோட்டில் இருப்பதுதான் விடை, போய் உட்கார் என்றேன். போகவில்லை. சண்டைக்கு நின்றானா என்றால் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அது இப்போது புரிகிறது.

"ரெண்டு மீனு ஒரே எடையில இருந்தா நீங்க சொன்ன மாதிரி பாத்தா தப்பா வருமே சார். பெருசையேதான திரும்பச் சொல்லும்?"

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். மீன் என்ற வார்த்தைக்குச் சிரித்தார்கள், அவனைத்தான் கேலி செய்தார்கள். என் காதில் அது என்னைப் பார்த்துச் சிரித்ததாக விழுந்தது. எழுந்து விட்ட முதல் அறை அவன் இடது காதோடு சேர்ந்து விழுந்தது. இரண்டாவதும் அங்கேயே விழுந்தது. மூன்றாவதில் என் மோதிரம் காது மடலைக் கிழித்தது. சட்டைக் காலரைப் பிடித்துக் கரும்பலகையோடு மோதினேன், மரத்தாலான டஸ்டரை எடுத்துத் தோளிலும் முதுகிலும் அடித்தேன். அவன் ஒரு சத்தமும் போடவில்லை, அது இன்னும் வெறியேற்றியது. வெள்ளை யூனிஃபார்மில் ரத்தமும் சாக்பீஸ் தூளும் குழைந்து ஒட்டியிருந்தன. என்னால் நிறுத்த முடியவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும், அது பொய். நிறுத்த எனக்கு மனமில்லை. அறுபது பேர் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு இனித்தது. பக்கத்து வகுப்பில் பாடம் எடுத்துக்கொண்டிருந்த ஆவூர் சவரிமுத்து ஓடி வந்து பின்னாலிருந்து இடுப்பைக் கட்டி இழுத்த பிறகுதான் விட்டேன்.

அடித்த விஷயம் பெரிதானால் வீட்டிலிருந்து ஆள் வந்து மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுத வேண்டியது அடிபட்டவன் வீடு. வருகிற தகப்பன்மார்கள் எங்கள் முன்னாலேயே தங்கள் பங்குக்கும் ஓர் அறை விடுவார்கள், நாங்கள் பிள்ளையைக் கண்டித்து வளர்க்கிற குடும்பம்தான் என்று காட்டுவதற்காக. செல்லையா மறுநாள் காலையில் வந்தார். துறைத் தலைவர், உங்கள் பையன் வாத்தியாரை எதிர்த்துப் பேசினான் என்றார். செல்லையா மகனை ஏனென்று கேட்கவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கட்டுப் போட்டிருந்த அதே பக்கத்தில் ஓங்கி அறைந்தார். வலை இழுத்த கை. பையன் சுவரில் போய் விழுந்தான். பிறகு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் பெரிய மனிதன் மாதிரி பரவாயில்லை என்று தலையாட்டினேன். அடுத்த வாரத்திலிருந்து ராஜதுரை கல்லூரிக்கு வரவில்லை. யாரும் தேடவில்லை. நான் இன்னும் ஒன்றரை வருடம் அங்கே இருந்தேன், பையன்கள் என்னைக் கண்டால் ஒதுங்கி நடந்தார்கள், நல்ல பெயர் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு மேல்படிப்புக்கு இங்கே வந்துவிட்டேன்.

இங்கே படித்துக்கொண்டே உதவி ஆசிரியனாக வேலை. முதல் வருடமே பிளேஸ்மென்ட் எக்ஸாமுக்கு மாதிரி விடைகள் எழுதும் வேலையை ஹெதர் என்னிடம் கொடுத்தாள். புரோகிராமிங் பாடத்துக்குப் பொறுப்பானவள், சிவந்த முகமும் உரத்த சிரிப்புமாக இருப்பாள். கேள்விகளில் ஒன்று, இரண்டாவது பெரிய எண். எனக்கு மனப்பாடமான பாடம், மளமளவென்று எழுதிக் கொடுத்தேன். இங்கே விடைத்தாளை மனிதர்கள் பார்ப்பதில்லை. கம்ப்யூட்டர் அதை ஓட்டிப் பார்க்கிறது, எந்த வழியில் எழுதினாலும் பதில் சரியாக வந்தால் மார்க். என் விடையை ஓட்டினாள். திரையில் சிவப்பாக வந்தது. ஐந்து, ஒன்பது, ஒன்பது என்று மூன்று எண்களைக் கொடுத்திருந்தாள். ஐந்து என்று சொல்ல வேண்டிய இடத்தில் என் புரோகிராம் ஒன்பது என்று சொல்லியிருந்தது. பெரியதையே திரும்பச் சொல்லியிருந்தது.

ஹெதர் கைகொட்டிச் சிரித்தாள். பிள்ளைகளுக்காக அவள் வெட்டி வைத்த குழியாம், நானே விழுந்துவிட்டதால் நல்ல குழிதான் என்று தெரிந்துவிட்டதாம். என் முகம் போன போக்கைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தி, தப்பு எல்லோருக்கும் வரும், இதனால் யாரும் செத்துப்போகவில்லையே என்று தோளில் தட்டினாள். வேலை போய்விடுமோ என்று பயந்துவிட்டேன் என நினைத்துக்கொண்டாள். டிராயரிலிருந்து ஒரு சாக்லேட் எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு என் மேஜைக்குப் போய், அடுக்காமல் ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துக்கொண்டே போகும் ராஜதுரையின் வழியிலேயே விடையைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். இந்த ஊரில் என்னைப் பற்றி எல்லோரும் சொல்வது, இவ்வளவு சாதுவான மனிதனைப் பார்த்ததில்லை என்பதுதான். குரலே உயர்த்துவதில்லையாம். உயர்த்தினால் போலீஸ் வரும் என்ற பயத்தில் ஆரம்பித்தது அது, பிறகு பழக்கமாகிவிட்டது. அவர்களுடைய அந்த நினைப்பை நான் திருத்தவில்லை. ராஜதுரையைத் தேடி ஊருக்குப் போன் பண்ணவும் இல்லை. படிப்பு, வேலை, பனி, குடியுரிமை மனு என்று சாக்குச் சொல்லிக்கொண்டே எட்டு வருடத்தை ஓட்டினேன். கோழைத்தனம் என்பதைத் தவிர வேறு பெயர் அதற்கு இல்லை.

போன செப்டம்பரில் நாற்காலிக் கம்பியில் காலை வைத்துப் பேசிய பையன் சொன்னது சரி. என் ஏழாவது விடைதான் தப்பு. திருத்தினோம், இருநூறு பேருக்கும் மார்க் மாறியது, அவனுக்கு இரண்டாவது பாடம் கிடைத்தது. அவன் ஒரு வரி நன்றி அனுப்பினான். அவ்வளவுதான். ஒரு கேள்வி கேட்பதும் பதில் கிடைப்பதும் இவ்வளவு சாதாரணமாக முடிந்துவிடுகிறது. அந்த நன்றி வந்த அன்றே சவரிமுத்துவுக்குப் போன் போட்டு ராஜதுரையைப் பற்றிக் கேட்டேன். ஆவூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருக்கிறார். எதற்காக இப்போது போய்க் கிளறுகிறாய், அவனே மறந்திருப்பான் என்றார். அப்புறம் இரண்டு நாள் கழித்து ராஜதுரையின் நம்பரை அனுப்பினார்.

எடுத்ததும் பெரிய இரைச்சல். ஐஸ் உடைக்கும் மெஷின் சத்தம். நான் யாரென்று சொன்னேன். வெளியே வந்து பேசினான். குரலில் கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. கல்லூரியை விட்டபின் அப்பாவோடு கடலுக்குப் போகப் பார்த்திருக்கிறான். இடது காது கேட்காதவனைப் படகில் ஏற்றமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ரோப் அறுந்து வந்தால் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று தெரியாமல் நிற்பானாம். இப்போது வேலை பார்க்கும் ஐஸ் பிளான்ட்டில் அந்தப் பிரச்சினை இல்லை, அங்கே எல்லோருக்கும் காது அடைத்துத்தான் இருக்கும் என்றான். அந்தக் காது என் அடியில் போனதா, அவன் அப்பா அடியில் போனதா என்று அவனுக்கே தெரியவில்லை. நான் தயார் செய்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். நீ அன்று கேட்டது சரி, தப்பு என் நோட்டில்தான் என்றேன்.

"சரின்னு எனக்கு அன்னைக்கே தெரியும் சார்," என்றான். பிறகு, "எங்க அப்பாவுக்குத்தான் தெரியாது. வாத்தியார எதுத்துப் பேசிப் படிப்பக் கெடுத்துக்கிட்டவன்னு இன்னும் சொல்லிக்கிட்டு இருக்காரு. அவருகிட்ட சொல்லுங்க. போன்ல வேணாம். வந்து சொல்லுங்க."

டிசம்பர் லீவில் போனேன். அம்மாவிடம் பழைய மாணவன் வீட்டு விசேஷம் என்று சொல்லிவிட்டு, இலுப்பூரில் பஸ் ஏறி, புதுக்கோட்டையிலும் அறந்தாங்கியிலும் மாறி ஜெகதாப்பட்டினத்தில் போய் இறங்கினேன். ராஜதுரை பைக்கோடு நின்றான். அடையாளமே தெரியவில்லை, தோள் அகன்று முகம் இறுகிப்போயிருந்தான். காது மடலில் தழும்பு மட்டும் இருந்தது. பின்னால் உட்கார்ந்து ஏதோ கேட்டேன், பதில் இல்லை. மறுபடி கேட்டேன். பைக்கை மெதுவாக்கி, "அங்கிட்டுப் பேசாதீங்க சார், இங்கிட்டுப் பேசுங்க," என்று வலது பக்கத்தைக் காட்டினான்.

செல்லையா என்னைக் கண்டதும் எழுந்து துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் என்னை உட்கார வைத்துவிட்டு அவர் நின்றார். ராஜதுரையின் அம்மா கலர் வாங்கி வந்து கொடுத்தார். வாத்தியார் வெளிநாட்டிலிருந்து தங்களைத் தேடி வந்திருக்கிறார் என்று அவர்களுக்குப் பெருமை. குடித்து முடித்துவிட்டுச் சொன்னேன். இரண்டு மீன் ஒரே எடையில் இருந்தால் என்று உங்கள் மகன் கேட்டான், அவன் எதிர்த்துப் பேசவில்லை, கேட்டது சரி, எனக்குத்தான் தெரியவில்லை, தெரியாததை மறைக்க அடித்தேன், நியாயமாக அவன் ஏ செக்‌ஷனில் படித்திருக்க வேண்டியவன் என்றேன். செல்லையாவுக்குப் புரோகிராம் தெரியாது. மீன் தெரியும். ஒரு நிமிடம் யோசித்தார். கேள்வி அவருக்குப் புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது.

"அப்ப நான் அடிச்சது?" என்றார்.

அவர் திரும்பிக் கதவு நிலையில் குத்தினார். மறுபடி மறுபடி குத்தினார். விரல் கணுவெல்லாம் தோல் உரிந்து ரத்தம் நிலையில் வழிந்தது. மனைவி கையைப் பிடிக்கப் போக, உதறிவிட்டார். பிறகு என்னிடம் வந்தார்.

"இந்த நாற்காலியில ஒக்காந்திருக்கிற வரைக்கும் நீங்க வாத்தியாரு. ஒங்க மேல கை வைக்க மாட்டேன். எந்திரிச்சு வாசலுக்கு வாங்க."

எழுந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அடி எனக்கு வேண்டியிருந்தது. வாசலில் போய் நின்று கையைத் தொங்கவிட்டுக்கொண்டேன். செல்லையா ரத்தம் ஒழுகும் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே ராஜதுரை வந்து நின்றுவிட்டான். ஓங்கிய வேகத்தில் அவரால் நிறுத்த முடியவில்லை. அடி அவன் கன்னத்திலும் கழுத்திலும் விழுந்தது. ஒரு கேள்விக்காக அவன் மூன்றாவது முறையாக அடிவாங்கினான். இதுவும் எனக்கு வர வேண்டியது. அவன் அசையவில்லை. "போதும்ப்பா, அதான் சொல்லிட்டாருல்ல," என்றான். செல்லையா அவன் இடது காதைத் தன் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். ராஜதுரை என்னைத் திரும்பிப் பார்க்காமலே, அறந்தாங்கி பஸ் வரும் நேரம், நடந்தே போய்விடலாம், நிறுத்தம் பக்கம்தான் என்று சொன்னான். நடந்தேன். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

திரும்பி வந்த மூன்றாம் மாதம் எனக்குக் கனடாவின் குடியுரிமை கிடைத்தது. இதுவரை ஏதாவது குற்றம் செய்திருக்கிறீர்களா என்று மனுவில் ஒரு கேள்வி இருந்தது. எப்போதோ இல்லை என்று போட்டு அனுப்பியிருந்தேன். சட்டப்படி அது உண்மை, நான் அடித்ததை எங்கள் ஊரில் யாரும் குற்றமென்று எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை. ஒரு பெரிய அறையில் உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ வந்த நாற்பது ஐம்பது பேர் நல்ல உடை உடுத்தி நின்றோம். உறுதிமொழிக்காக வலது கையை உயர்த்தச் சொன்னார்கள். உயர்த்தினேன். முதல் வரிசையில் இருந்த ஹெதர் கண்ணில் நீர் வர அதைப் படம் எடுத்து அனுப்பினாள். நான் அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மா ஊரெல்லாம் அனுப்பிவிட்டாள், சவரிமுத்து வரைக்கும் போனது, அவர் யோசிக்காமல் ராஜதுரைக்கும் அனுப்பிவிட்டார். படத்தில் நான் கோட்டு போட்டு, உள்ளங்கை விரிய, கையை ஓங்கி நிற்கிறேன். இந்த ஊரில் அதைப் பார்த்த எல்லோரும் வாழ்த்துச் சொன்னார்கள். ஜெகதாப்பட்டினத்தில் அதைப் பார்த்தவனுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.